கண் நீர் அழுத்த நோய்

கண் நீர் அழுத்த நோய் அல்லது கிளாக்கோமா என்பது, கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சிச் செய்திகளைக் கொண்டு செல்லும் பார்வை நரம்பு படிப்படியாகச் சிதைந்து, பார்க்கும் பரப்பு சுருங்கிக்கொண்டே வரும் நோய்களின் தொகுதி ஆகும். கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம், அந்நரம்பு தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணமாக அமைகிறது. இந்நோயால் ஒருமுறை இழந்த பார்வையை மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ திரும்பப் பெற முடியாது. எஞ்சியிருக்கும் பார்வையை மட்டுமே காப்பாற்ற முடியும். தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு வலியோ மங்கலோ ஏற்படுவதும் இல்லை. இவ்விரு இயல்புகளால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் முன்கூட்டியே சோதித்துக் கண்டறிவது இந்நோயில் மிகவும் இன்றியமையாததாகிறது.

உலக அளவில் மீட்க முடியாத பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இந்நோயே. 2014-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 40 முதல் 80 வயதுக்குட்பட்டோரில் 2013-ஆம் ஆண்டில் 6.43 கோடிப் பேர் இந்நோயுடன் இருந்தனர். 2040-இல் இது 11 கோடியைத் தாண்டும் என்றும் அம்மதிப்பீடு கூறுகிறது.

கண்ணுக்குள் நடக்கும் நீரோட்டம்

கார்னியாவுக்கும் விழிலென்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் அக்குவஸ் ஹியூமர் எனப்படும் தெளிந்த திரவம் உள்ளது. இது கன்னத்தில் வழியும் கண்ணீரிலிருந்து வேறானது. ஐரிசுக்குப் பின்னால் உள்ள சிலியரி அமைப்பு இத்திரவத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மி.லி. அளவில் சுரக்கிறது. இரத்தக் குழாய்கள் இல்லாத கார்னியாவுக்கும் லென்சுக்கும் ஊட்டம் அளிப்பதும், கண்ணின் உருண்டை வடிவம் குலையாமல் காப்பதும் இதன் பணிகள்.

சுரக்கும் திரவம் கண்பாவை வழியாக முன்னே வந்து, கார்னியாவும் ஐரிசும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற வலைத்திசு வழியாக வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. குழாயிலிருந்து எந்நேரமும் நீர் விழும் தொட்டி ஒன்றில், வரும் நீரின் அளவே வடிகால் வழியாகவும் வெளியேறினால் நீர்மட்டம் மாறாது. வடிகாலில் அடைப்பு ஏற்பட்டால் மட்டம் உயரும். கண்ணிலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் கண் மூடிய உருண்டை என்பதால் நீர் வழிந்தோட இடமின்றி, உள்ளே அழுத்தம் கூடுகிறது.

பெரும்பாலோரின் கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். அழுத்தம் கூடும்போது அதன் பாதிப்பு, கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் வெளிப்படுகிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் சேர்ந்த கற்றையே பார்வை நரம்பு. அவ்விழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதில்லை.

வகைகள்

திறந்த கோண வகை: வடிகால் கோணம் திறந்தே இருக்கும், ஆனால் வலைத்திசு வழியே திரவம் எளிதில் வெளியேறாது. அழுத்தம் பல ஆண்டுகளில் மெல்ல உயர்வதால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை.

மூடிய கோண வகை: ஐரிஸ் முன்னோக்கித் தள்ளப்பட்டு வடிகால் கோணத்தை அடைத்துவிடுகிறது. இது மெல்லவும் நிகழலாம், திடீரெனவும் நிகழலாம். திடீரென அடைத்தால் கடுமையான கண்வலி, கண் சிவத்தல், தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் ஆகியவை தோன்றும். வாந்தியும் தலைவலியும் இருப்பதால் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்தானது. சில மணி நேரத் தாமதமே நிரந்தரப் பார்வையிழப்பைத் தரக்கூடும்.

இயல்பழுத்த வகை: கண் அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு சிதைகிறது. அழுத்தத்தை மட்டும் அளந்து நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இவ்வகையே சான்று.

பிறவி வகை: வடிகால் அமைப்பு சரியாக வளராத குழந்தைகளுக்கு ஏற்படுகிறது. கண்களில் இடைவிடாமல் நீர் வடிதல், வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளுதல், கார்னியா வெண்மை படர்ந்து தோன்றுதல், கண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருத்தல் ஆகியவை அறிகுறிகள். குழந்தையின் பெரிய கண்களை அழகென்று எண்ணிப் பெற்றோர் காலம் கடத்திவிடுவது உண்டு. நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்டோரின் குழந்தைகளுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல்.

இரண்டாம் நிலை வகை: கண்ணில் அடிபடுதல், முற்றிய கண்புரை, கட்டுப்பாடற்ற நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்துகள் போன்ற வேறு காரணங்களால் உண்டாவது.

ஏன் தெரிவதில்லை?

நோய் பொதுவாகப் பக்கவாட்டுப் பார்வையையே முதலில் பறிக்கிறது. படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் மையப் பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். ஒரு கண்ணில் விடுபடும் பகுதியை மற்றக் கண் ஈடுசெய்கிறது. மீதமுள்ள இடைவெளியை மூளை சுற்றுப்புறக் காட்சியைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. அதனால் அவ்விடம் கறுப்பாகத் தெரிவதில்லை. இல்லாதது போலவே ஆகிவிடுகிறது. படியில் கால் தவறுவது, பக்கத்திலிருந்து வரும் வண்டியைக் கவனிக்காமல் விடுவது, கதவு நிலையில் தோள் இடிப்பது போன்றவை நடந்தாலும், அவை வயதின் தளர்ச்சி என்றே கொள்ளப்படுகின்றன. நோய் மிகவும் முற்றும்போது குழல் வழியாகப் பார்ப்பது போன்ற குறுகிய பார்வை மட்டுமே எஞ்சும்.

மூக்குக் கண்ணாடிக்காகச் செய்யும் எழுத்துப் பலகைச் சோதனை மையப் பார்வையை மட்டுமே அளக்கிறது. கடைசி வரிவரை தெளிவாகப் படிப்பவருக்கும் நோய் முற்றியிருக்கலாம். ஆகவே கண்ணாடிக் கடையில் பார்வை அளவு சரி என்று சொல்லப்படுவது, இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

தமிழ்நாட்டின் மூன்று தென் மாவட்டங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்த அரவிந்த் கண் ஆய்வின் முடிவுகள் 2003-இல் வெளியாயின. அவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. திறந்த கோண வகை கண்டறியப்பட்டவர்களுள் 93 விழுக்காட்டினர், தமக்கு நோய் இருப்பதை அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

கண்புரையும் கண் நீர் அழுத்த நோயும்

முதுமையில் பார்வை குறைந்தால் அது கண்புரையாகத்தான் இருக்கும் என்பது பரவலான எண்ணம். கண்புரையில் விழிலென்சு மங்குகிறது. அதை அகற்றிச் செயற்கை லென்சு பொருத்தினால் பார்வை திரும்பும். எனவே புரை முற்றட்டும் என்று சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். அவர்களது பார்வைக் குறைவுக்குக் காரணம் பார்வை நரம்பின் சிதைவாக இருந்தால், காத்திருந்த ஒவ்வோர் ஆண்டிலும் இழந்தது இழந்ததே. காரணம் இவ்விரண்டில் எது என்பதை வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருப்பதும் உண்டு.

யாருக்கு வாய்ப்பு மிகுதி?

- 40 வயதைக் கடந்தவர்கள். வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும்.
- பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் யாருக்கேனும் இந்நோய் உள்ளவர்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுதல்.
- கூடிய கிட்டப்பார்வை உள்ளவர்கள் திறந்த கோண வகைக்கும், தூரப்பார்வை உள்ளவர்கள் மூடிய கோண வகைக்கும் உள்ளாகலாம்.
- நீரிழிவு நோயாளிகள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், மெல்லிய கார்னியா உடையவர்கள்.
- ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துபவர்கள்.

கடைசியாகக் கூறப்பட்டது தவிர்க்கக்கூடிய காரணம். கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் ஒருமுறை மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது வழக்கமாக உள்ளது. அரிப்பு உடனே அடங்குவதால் மருந்து நல்லது என்றே தோன்றும். அதே வேளையில் கண் அழுத்தம் சத்தமின்றி உயரலாம். ஒவ்வாமையால் கண் அரிக்கும் பள்ளிச் சிறுவர்களும் இவ்வாறு பாதிக்கப்படுகின்றனர்.

கண்டறியும் சோதனைகள்

ஒரே ஒரு சோதனையால் நோயை உறுதி செய்ய இயலாது. கண் மருத்துவர் பின்வருவனவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்.

- அழுத்த அளவீடு: மரத்துப்போகும் சொட்டு மருந்தும் மஞ்சள் சாயமும் இட்டு, நீல ஒளியில் கார்னியாவை மெல்லத் தொட்டு அளப்பர். வலி இருக்காது. அழுத்தம் நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை அளந்தால் போதாது.
- கார்னியாவின் தடிமன்: மெல்லிய கார்னியாவில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்பதால் இது அளக்கப்படுகிறது.
- கோணச் சோதனை: கண்ணாடி பொருத்திய சிறு லென்சு வழியாக வடிகால் கோணம் திறந்துள்ளதா என்று பார்ப்பர்.
- பார்வை நரம்புச் சோதனை: பெரும்பாலும் கண்பாவையை விரிக்கும் மருந்திட்டு நரம்பின் தலைப்பகுதி பார்க்கப்படும். அதன் நடுவில் உள்ள குழி அகன்றிருந்தால் இழைகள் குறைந்துள்ளன என்று ஐயுற வேண்டும். மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று வண்டி ஓட்டாமல் துணையுடன் செல்வது நல்லது.
- பார்வைப் புலச் சோதனை: ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் தோன்றும் ஒளிப்புள்ளிகள் தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும்.
- ஓ.சி.டி. படம்: நரம்பிழை அடுக்கின் தடிமனை மைக்ரான் அளவில் காட்டும். பார்வைப் புலத்தில் குறை தெரிவதற்கு முன்பே சிதைவை இதில் காண இயலும்.

நாற்பது வயதில் ஒருமுறை இத்தகைய முழுமையான கண் பரிசோதனை செய்துகொள்வதும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்வதும் பொதுவான அறிவுரை. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் தாமதமின்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டிக் கண்டறிவதன் பயன்

அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு சிதையாத 1,636 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. ஐந்தாண்டுகளில், சிகிச்சை பெறாதவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கு நோய் தோன்றியது. சொட்டு மருந்து இட்டவர்களில் இது 4.4 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டில் வெளியான சுவீடன் ஆய்வு, தொடக்க நிலை நோயாளிகளுக்கு அழுத்தத்தைக் குறைத்தபோது நோய் முற்றுவது குறைந்ததையும் தாமதமானதையும் காட்டியது. சிகிச்சை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 62 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. மருத்துவம் நோயை எல்லோரிடமும் முற்றாக நிறுத்துவதில்லை என்பதும் இவ்வெண்களால் விளங்கும். எனவேதான் நரம்பிழைகள் மிகுதியாக இருக்கும்போதே தொடங்குவது சிறந்தது.

மருத்துவம்

எல்லா முறைகளின் நோக்கமும் அழுத்தத்தைக் குறைப்பதே. லட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்துகள் திரவம் வெளியேறுவதைக் கூட்டுகின்றன. டிமோலால் போன்றவை சுரப்பைக் குறைக்கின்றன. டிமோலால் ஆஸ்துமாவையும் சில இதய நோய்களையும் மோசமாக்கக் கூடியது என்பதால் அந்நோய்கள் உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். திறந்த கோண வகைக்கு வலைத்திசுவில் லேசர் ஒளி செலுத்துவதும், மூடிய கோண வகைக்கு ஐரிசில் லேசரால் சிறு துளையிடுவதும் உண்டு. இவை போதாதபோது, திரவம் வெளியேறப் புதிய வழி அமைக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. சிலருக்கு நுண்குழாய்ச் சாதனம் பொருத்தப்படும். அத்தகைய சாதனம் ஒன்றை மதுரையில் உள்ள அரோலேப் நிறுவனம் தயாரிக்கிறது.

சொட்டு மருந்து இடும்போது கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்த வேண்டும். மருந்து தொண்டைக்குள் இறங்குவதை இது குறைக்கும். இரண்டு மருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிட இடைவெளி தேவை.

மருந்தால் பார்வை கூடுவதில்லை. செலவும் எரிச்சலும் மட்டுமே உடனே தெரிகின்றன. அதனால் பயனில்லை என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். பார்வை இருந்தபடியே இருப்பதுதான் இம்மருந்தின் பயன். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் போலவே, இதற்கும் தொடர்ந்து மருந்தும் சோதனையும் தேவை.

வரலாறு

கிளாக்கோமா என்ற பெயர் நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1851-இல் எர்மன் எல்ம்ஹோல்ட்சு கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகம் செய்த பின்னரே பார்வை நரம்பின் சிதைவை உயிருள்ளவரிடம் காண முடிந்தது. 1857-இல் ஆல்பிரெக்ட் வான் கிரேஃப், ஐரிசின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை முறையை வெளியிட்டார்.

இந்நோயின் அறுவை மருத்துவ வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் என்றி எலியட், கண்ணின் வெளிச்சுவரில் சிறு வட்டத் துளையிட்டுத் திரவத்தை வெளியேற்றும் முறையை 1909-இல் இங்கு கையாளத் தொடங்கினார். அம்முறை பின்னர் பல நாடுகளிலும் பின்பற்றப்பட்டது. இன்று பரவலாக உள்ள டிராபெகுலெக்டமி என்னும் அறுவை முறையை 1968-இல் கெய்ர்ன்சு விவரித்தார். டிமோலால் சொட்டு மருந்து 1978-இலும், லட்டனோபிராஸ்ட் 1996-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் உலக கிளாக்கோமா வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் பல கண் மருத்துவமனைகள் இந்நோய்க்கான கண் பரிசோதனை முகாம்களை நடத்துகின்றன.