தொக்கு கொதிக்கும், வெள்ளரிக்காய் கொதிக்காது

ஆலைகள் நிறைந்த ஒரகடத்தில் தம்பி மகன் தங்கியிருக்கும் அறைக்குப் போயிருந்தேன். ஆறு பேர், ஒரு அடுப்பு, ஒரு கத்தி, ஒரு பிளாஸ்டிக் பலகை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இறால் தொக்கு. வண்டிக்காரரிடம் வாங்கிய ஒரு கிலோ இறாலைப் பலகையில் போட்டு ஓடு உரித்து, முதுகு நரம்பைக் கத்தி முனையால் இழுத்து எறிந்தான். ஈரத்துணியால் பலகைக்கு ஒரு துடைப்பு. அதே பலகையில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் அரிந்து உப்பு தூவி, தட்டால் மூடி வைத்தான். தொக்கு தளதளவென்று கொதித்தது. என் கண் வெள்ளரிக்காய் மேலேயே இருந்தது.

இந்தப் பக்கத்துக்குச் சாப்பாட்டுப் பயம் புதிதல்ல. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு ஒவ்வாமல் 159 பேர் மருத்துவமனைக்குப் போனதும், தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்ததும் ஊரறிந்த கதை. அதை மீனோடு முடிச்சுப்போட வரவில்லை. ஒரு சமையல், பல வயிறு என்றால் ஒரு பலகை என்ன செய்யும் என்பதற்காகச் சொன்னேன்.

இறாலிலிருந்து பலகை வழியாக வெள்ளரிக்காய்க்குத் தாவக்கூடிய, நான் சொல்ல வந்த கிருமியின் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். காலராக் கிருமிக்குப் பங்காளி. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில், பாதி காய்ந்த பொடி மீனைத் தின்று 272 பேர் படுத்து, 20 பேர் இறந்தபோது புஜினோ என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். வெதுவெதுப்பான கடலோர நீர்தான் அதன் ஊர். இறால், நண்டு ஓடு அதற்குத் திண்ணையும் சாப்பாடும்.

உப்பு போட்டால் கெடாது என்பது நம் ஊறுகாய்ப் பாடம். இந்தக் கிருமியிடம் அது செல்லாது. கடல்நீர் அளவு உப்பு இருந்தால்தான் அதற்குத் தெம்பு. நல்ல தண்ணீரில் போட்டால், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, தோல் கிழிந்து சாகும். ஆகவே பலகையைக் குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவுவது பெரிய காரியம். ஈரத்துணித் துடைப்பு, கிருமியைப் பலகை முழுக்கப் பூசிவிடுவதோடு சரி. வெள்ளரிக்காய்க்கு உப்பு தூவுவதோ, விருந்தாளிக்குப் பாய் விரிப்பது. நான் மிகைப்படுத்தவில்லை: ஒசாகாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து யோகோகாமா மருத்துவமனை ஒன்றில் இதே கிருமி நோயாளிகளைப் படுத்தியது மீன் வழியாக அல்ல, உப்பிட்ட வெள்ளரிக்காய் வழியாக.

அடுத்தது பெருக்கம். இட்லி மாவு மார்கழியில் சோம்பும், சித்திரையில் பாத்திரத்தை விட்டு வழியும். விப்ரியோவும் அப்படித்தான், ஆனால் வேகம் வேறு. எல்லாம் கூடிவந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 64. மூன்று மணி நேரத்தில் 2,62,144. சமையலறையில் அவ்வளவு வேகம் வராதுதான். ஆனால் மதியம் மூடிய தட்டை, இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பதினொன்றரைக்கு வருகிறவன் திறப்பான். ஐஸில் வைத்த இறாலில் கிருமி முழுக்கச் சாகாது, பெருகாமல் கிடக்கும். காசிமேடு, வானகரம் மீன் சந்தைகளிலிருந்து வரும் வழியில் ஐஸ் கரைந்தால் மாவு பொங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எல்லா விப்ரியோவும் வயிற்றைக் கலக்குவதில்லை. கடலில் இருப்பவற்றில் மிகச் சிலவற்றிடம்தான் ஆயுதம் உண்டு. அந்த ஆயுதம் ஒரு முறுக்கு அச்சு. சிறுகுடலில் பித்தநீர் பட்டதும் கிருமி அந்த அச்சை எழுப்பி, குடல் செல்லில் குத்தி, தன் புரதங்களை உள்ளே பிழிகிறது. பிழிந்த சரக்கு செல்லின் உள்வேலையைக் குலைத்துவிடும். கூடவே ஒரு நச்சு. அதன் மூலக்கூறுகள் நான்கு நான்காகச் சேர்ந்து செல் சவ்வில் துளை போடும். பால் பாக்கெட்டில் குண்டூசி குத்தியது போல. உப்புகள் இடம் மாற, தண்ணீரும் பின்னாலேயே குடலுக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வயிற்றுப்பிடிப்பு, நீராய்ப் போக்கு, வாந்தி. மூன்று நாளில் தானே அடங்கும். அதுவரை உப்பு–சர்க்கரைக் கரைசல்தான் மருந்து. ஆனால் மூன்று நாள் சம்பளம் போனால் எந்தக் கரைசல் திருப்பித் தரும்?

1996 பிப்ரவரியில் கொல்கத்தா மருத்துவமனை நோயாளிகளிடம் ஓ3:கே6 என்ற வகை திடீரெனப் பெருகியது. அதுவரை ஊருக்கொரு வகையாக இருந்த கிருமி இது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பான், அமெரிக்கா, சிலி என்று எங்கே பார்த்தாலும் அதே வம்சம். ஒரு வீட்டு உறைமோர் தெரு முழுக்கத் தயிரானது போல.

இதையெல்லாம் சுருக்கி அவனிடம் சொன்னேன். தட்டைத் திறந்து வெள்ளரிக்காயைப் பார்த்தான்.

"பலகை ஒண்ணுதானே பெரியப்பா இருக்கு?"

"இருக்கட்டும்டா. அடுத்த வாரம் வெள்ளரிக்காயை முதல்ல அரி, இறாலை அப்புறம் உரி."