செய்ன் ஆற்றின் மேல் ஓர் இடிந்த மலையரண்

பிரான்சு நாட்டின் வடபகுதியான நார்மண்டியில், செய்ன் ஆறு பெரிதாக வளைந்து திரும்புமிடத்தில் லெ ஆந்தலி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூருக்கு மேலே, ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் துருத்தி நிற்கும் வெண்ணிறச் சுண்ணாம்புக் குன்றின்மீது ஷாத்தோ கயார் கோட்டையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. 'சிங்கநெஞ்சன்' என்று புகழ்பெற்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்ட், 1196-க்கும் 1198-க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் இதைக் கட்டி முடித்தான்.

இங்கிலாந்து மன்னனுக்குப் பிரான்சில் கோட்டை எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. அக்காலத்தில் இங்கிலாந்து அரசர்கள் நார்மண்டியின் கோமகன்களாகவும் இருந்தனர். அந்நிலத்தைப் பொறுத்தவரை அவர்கள் பிரெஞ்சு மன்னனுக்குக் கட்டுப்பட்ட குறுநிலத் தலைவர்களே. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ரிச்சர்ட் சிறைப்பட்டிருந்த காலத்தில், பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப் எல்லைக் கோட்டையான ஜிசோரைக் கைப்பற்றிக்கொண்டான். அதனால் நார்மண்டியின் தலைநகரான ரூவானுக்குச் செல்லும் ஆற்றுவழி பாதுகாப்பற்றுக் கிடந்தது. அந்த வழியை அடைக்கவே ரிச்சர்ட் இந்தக் குன்றைத் தேர்ந்தான். ஆந்தலியில் அரண் எழுப்புவதில்லை என்று 1196 சனவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையையும் அவன் பொருட்படுத்தவில்லை. நிலம் ரூவான் பேராயருடையது என்பதையும் பொருட்படுத்தவில்லை. சினங்கொண்ட பேராயர் நார்மண்டி முழுவதும் திருச்சபைச் சடங்குகளை நிறுத்திவைக்க, அடக்கம் செய்யப்படாத பிணங்கள் தெருக்களில் கிடந்ததாக அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. 1197-இல் தியெப் துறைமுகம் உள்ளிட்ட வளமான நிலங்களை மாற்றாகக் கொடுத்த பின்னரே இப்பிணக்குத் தீர்ந்தது.

கோட்டையின் அமைப்பு நுட்பமானது. மூன்று பக்கமும் செங்குத்தாக இறங்கும் குன்றுக்குத் தென்கிழக்கில் மட்டுமே மேட்டுநிலத்தோடு தொடர்பு உண்டு என்பதால், பகைவன் அவ்வழியேதான் வர இயலும். அங்கே முக்கோண வடிவில் ஒரு முன்னரண், அதற்குப் பின்னால் ஆழமான அகழி, பிறகு நடுக்கோட்டை, அதற்குள் உட்கோட்டை, அதன் உள்ளே இறுதிப் புகலிடமான பெருங்கோபுரம் என்று ஒன்றை இழந்தாலும் அடுத்ததற்குப் பின்வாங்கிப் போரிடும்படி அடுக்கியிருந்தார்கள். உட்கோட்டையின் மதில் நேர்ச்சுவராக இல்லாமல், அரைவட்டங்களை நெருக்கி வரிசையாக நிறுத்தியதுபோல் வளைந்து வளைந்து செல்கிறது. கவண்பொறி எறியும் கல் வளைவில் பட்டுச் சறுக்கிவிடும். மதிலின் அடியில் பகைவர் மறைந்து நிற்கவும் இடம் கிடைக்காது. இத்தகைய மதில் ஐரோப்பாவில் மிக அரிது. கீழே ஆற்றுத் தீவில் ஒரு சிற்றரண், கரையில் மதில் சூழ்ந்த புதிய ஊர், ஆற்றின் குறுக்கே மரத்தடுப்பு எனக் குன்றும் நீரும் சேர்ந்து ஒரே அரணாக இயங்கின.

ரிச்சர்ட் 1199-இல் அம்புக் காயத்தால் இறந்தான். அவனுக்குப் பின் வந்த தம்பி ஜானின் காலத்தில், 1203-இல், பிலிப் ஆந்தலியை முற்றுகையிட்டான். முற்றுகையை உடைக்க ஜான் அனுப்பிய படைகளுள் தரைப்படை குறித்த நேரத்தில் வந்துவிட, படகுகளோ நீரோட்டத்தை எதிர்த்து வரவேண்டியிருந்ததால் பிந்தின. இரண்டும் தனித்தனியே தோற்றன. கரையிலிருந்த புதிய ஊர் வீழ்ந்தபோது அதன் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தனர். கோட்டைத் தலைவன் ரோஜர் டி லேசி, சேமித்த உணவு வீரர்களுக்கே நீண்ட நாள் தாங்காது என்று கணக்கிட்டு, அம்மக்களைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றினான். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பிறகு பிலிப் அதைத் தடுத்துவிட்டான். கடைசியாக வெளியேறிய நூற்றுக்கணக்கானோர் முன்னும் போக இயலாமல், பின்னால் மூடப்பட்ட வாயிலுக்குள்ளும் திரும்ப இயலாமல், குளிர்காலத்தை இரு படைகளுக்கு நடுவே குன்றுச் சரிவில் கழித்தனர். புல்லையும் பூண்டையும் தின்று பலர் மடிந்த பின்னரே எஞ்சியோரைப் பிலிப் விடுவித்தான். கோட்டை கட்டிய விரைவைப் பாராட்டும் எழுத்துகள் பல இந்நிகழ்ச்சியைச் சில சொற்களில் கடந்துவிடுகின்றன. இக்குன்றின் வரலாற்றில் முதலிடம் பெறவேண்டியது இதுவே. யாருடைய பாதுகாப்புக்கென மதில் சூழ்ந்த ஊர் எழுப்பப்பட்டதோ, அவர்களே முதலில் கைவிடப்பட்டார்கள்.

முன்னரணின் கோபுரத்தை அடியில் சுரங்கம் தோண்டிச் சாய்த்த பிரெஞ்சுப் படை, நடுக்கோட்டைக்குள் கழிவறைத் துளை வழியாகவோ ஜானின் காலத்தில் எழுந்த கட்டடம் ஒன்றின் சன்னல் வழியாகவோ நுழைந்தது. 1204 மார்ச் 6 அன்று கோட்டை வீழ்ந்தது. சூன் மாதத்தில் ரூவானும் பணிந்தது.

பின்னாளில் பிரெஞ்சு இளவரசி மார்கரெட் இங்கே சிறைவைக்கப்பட்டாள். ஸ்காட்லாந்தின் சிறுவயது மன்னன் இரண்டாம் டேவிட் 1334 முதல் 1341 வரை இங்கே அடைக்கலம் பெற்றிருந்தான். உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்த பின், கலகக்காரர்களுக்குப் புகலிடம் ஆகிவிடக் கூடாதென்று 1599-இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் ஹென்றி இதை இடிக்க ஆணையிட்டான். அருகிலிருந்த துறவியர் தம் மடத்துக்குக் கல்லெடுக்கவும் இசைவு பெற்றனர். எனவே இன்று காணும் சிதைவு போரினால் மட்டும் ஆனதன்று.

செய்ன் ஆற்றின் வளைவும், வெண்பாறைகளும், பசும்புல் படர்ந்த அகழியும் டர்னர், சின்யாக் போன்ற ஓவியர்களை ஈர்த்தன. இன்றைய பயணி ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறலாம். மேட்டுநிலத்தின் பக்கமிருந்து வாகனத்திலும் வரலாம். வெளிப்பகுதிகளில் ஆண்டு முழுவதும் உலவ முடியும். உட்கோட்டையோ குளிர்காலத்தில் மூடப்படுவதால், கோடையில் செல்வதே நன்று. முன்னரணில் தொடங்கி, அகழியைக் கடந்து, உட்கோட்டையை நோக்கி நடப்பவருக்கு முற்றுகையின் போக்கு தானாகவே விளங்கும். உட்கோட்டை வாயிலுக்கு முன்னால், அகழி தோண்டியபோது வெட்டாமல் விட்ட பாறைப் பாலத்தையும் தவறாமல் பார்க்கவேண்டும். உட்கோட்டையின் அடியிலும் சுரங்கம் தோண்டிய பிரெஞ்சு வீரர்களுக்கு மேலிருந்து வந்த கல்லும் அம்பும் படாமல் மறைவு தந்தது அதுதான்.