கூடம் எழும்புகையில் அயலார் சுமக்கும் பாரம்

ஆலய வளாகத்தை ஒட்டிச் சமுதாயக் கூடம் ஒன்று இருப்பது தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் நாம் காணும் காட்சியே. திருமணம், ஐக்கிய விருந்து, தையல் வகுப்பு, மாலைநேரப் பாடம், மருத்துவ முகாம், பெருமழைக் காலத்தில் அடைக்கலம் எனப் பல பணிகள் அங்கு ஒரே கூரையின்கீழ் நடைபெற்று வந்துள்ளன. இத்தகைய கூடங்கள் முதுமையடையும்போது கம்பி துருவேறிக் காரை உதிர்கிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஆகவே, பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவது என்னும் தீர்மானம் சேகரக் குழுவில் நிறைவேறுகிறது.

அத்தீர்மானத்தைத் தொடர்ந்து நிதி, வரைபடம், அனுமதி, அடிக்கல் நாட்டு விழா ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. பணி நடைபெறும் ஓராண்டு அல்லது ஈராண்டுக் காலத்தில் அருகே வாழ்வோர் எதையெல்லாம் சுமக்க நேரிடும் என்னும் வினாவோ பெரும்பாலும் எழுவதில்லை. இதனைப் பொறியாளர் கவனிக்கவேண்டிய பொருளென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. கட்டுவது நன்மையே. ஆயினும் எக்கட்டடமும் பாரமின்றி எழும்புவதில்லை. அப்பாரம் யார்மேல் வைக்கப்படுகிறது என்பதே ஆயனுக்குரிய வினா. அதனை வேதாகமத்தின் ஒளியிலும், நாட்டின் சட்டத்தின் துணைகொண்டும், நடைமுறையை மனத்திற்கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓசையற்ற ஆலயம்

சாலொமோன் ஆலயத்தைக் கட்டியபோது, கற்கள் வெட்டப்படும் இடத்திலேயே பண்படுத்தப்பட்டு வந்தமையால், சுத்தியலோ வேறு இருப்பாயுதமோ ஆலயத்தில் ஒலிக்கவில்லை என 1 இராஜாக்கள் 6:7 கூறுகிறது. பக்திக்குரிய அடக்கத்தின் அடையாளமாக இவ்வசனத்தை நாம் பிரசங்கிப்பதுண்டு. எனினும் ஐந்தாம் அதிகாரத்தையும் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் இதனோடு சேர்த்து வாசிக்கவேண்டும். ஐந்தாம் அதிகாரத்தில் 30,000 அமஞ்சி ஆட்களும், சுமை சுமப்போர் 70,000 பேரும், மலைகளில் வெட்டுவோர் 80,000 பேரும் கணக்கிடப்படுகின்றனர். பன்னிரண்டாம் அதிகாரத்திலோ, தகப்பன் வைத்த நுகத்தை இலகுவாக்கும்படி மக்கள் ரெகொபெயாமிடம் வேண்டுகின்றனர். வேண்டுகோள் மறுக்கப்படவே, அரசு இரண்டாகப் பிரிகிறது.

எருசலேமில் கேளாத ஓசை மலைகளில் கேட்டது. பாரம் நீங்கவில்லை, இடம் மாறியது. நமது கட்டடப் பணிகளிலும் இவ்வாறு நிகழக்கூடும். சபையாருக்கு இடையூறின்றி ஞாயிறு ஆராதனை நடைபெறுகிறது; திங்கள் முதல் சனி வரை எழும் தூசியும் ஓசையும் சுவருக்கு அப்பால் வாழும் குடும்பத்தைச் சேருகின்றன.

புதிய வீட்டைக் கட்டுவோன் கூரைக்குக் கைப்பிடிச் சுவர் அமைக்கவேண்டும் என உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. எவனேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வருமென்று அது எச்சரிக்கிறது. விழுந்தவன் கவனமாக இருந்திருக்கலாம் என்னும் வாதத்திற்கு அங்கு இடமில்லை. தீங்கை முன்கூட்டியே எண்ணித் தடுக்கும் கடமை கட்டுவோனுடையது.

2. பாதிக்கப்படுவோர் யாவர்?

முதலாவது, பழைய கூடத்தைப் பயன்படுத்திவந்தோர். தையல் கற்ற பெண்கள், மாலையில் விளக்கொளி நாடிவந்த பிள்ளைகள், குறைந்த வாடகையில் மணவிழா நடத்திய ஏழைக் குடும்பங்கள் ஆகியோருக்குப் பணிக்காலம் வெற்றிடமாகிவிடும். இரண்டாண்டு நின்றுபோன வகுப்பு மீண்டும் தொடங்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, அண்டை வீட்டாரும் தெருவைப் பயன்படுத்துவோரும். இவர்களுள் பலர் நமது சபையைச் சேராதவர், பிற சமயத்தவர். முதியோர், கைக்குழந்தைகள், ஆஸ்துமா நோயாளிகள், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோர் இவர்களிடையே உண்டு. வளாகச் சுவரோரம் பூவும் காய்கறியும் விற்போரும் இவ்வகையினரே. தெரு வியாபாரிகளைப் பற்றிய 2014 ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சியே அவர்களை இடம் மாற்றினாலும் 30 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. நெடுங்காலம் நமது சுவரோரம் பிழைத்த ஒருவரை, செங்கல் லாரி வரும் காலையில் எழுந்துபோகச் சொல்வது திருச்சபைக்குத் தகுமா?

மூன்றாவது, வேலை செய்வோர். கொத்தனாரும் சித்தாளும் தொலைவிலிருந்து வந்து, பணியிடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குவது வழக்கம். அவர்களுக்குக் கழிப்பிடமும் குடிநீரும் இல்லாவிடில், அவர்கள் துன்புறுவதோடு தெருவும் துன்புறும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. தொழிலாளர் அதில் பதிவு பெற்றுள்ளனரா, கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்பது நமது கடமை. ஒப்பந்தம் பொறுப்பைப் பங்கிடுமேயன்றி, நம்மைவிட்டு அகற்றாது.

3. இடிப்பதற்கு முன்

முதற்பணி, சந்திப்பு. திட்டம் வரைபடமாக இருக்கையிலேயே போதகரும் மூப்பரும் வீடுவீடாகச் சென்று, பணி எப்போது தொடங்கும், எவ்வளவு காலம் நீடிக்கும், எந்த வேலை மிகுந்த ஓசை தரும் என்பவற்றை எடுத்துரைக்கவேண்டும். அங்ஙனம் செல்கையில் நாம் அறியாத பல செய்திகள் நமக்குக் கிட்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிறார், எங்கே பிள்ளைகள் அரசுத் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர் என்பது எந்த வரைபடத்திலும் காணப்படுவதில்லை.

இரண்டாவது, அண்டைச் சுவர்களின் நிலையைப் பதிவு செய்தல். பழைய வீடுகளின் அடித்தளம் ஆழமற்றதாக இருக்கக்கூடும். அதனருகே அதைவிட ஆழமாகத் தோண்டினால் மண் நெகிழ்ந்து சுவரில் விரிசல் காணும். அடுத்த நிலத்தின் மண் தன் நிலத்திற்கு இயற்கையாகத் தரும் தாங்குதலைப் பெறும் உரிமை ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் உண்டு என்பதை 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. ஆகவே, தோண்டுவதற்கு முன்பே பொறியாளரும் வீட்டுக்காரரும் சேர்ந்து சுவர்களைப் பார்வையிட்டு, உள்ள விரிசல்களைப் புகைப்படம் எடுத்து, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிடுவது நலம். இதனால் உண்மையான சேதம் மறுக்கப்படாது. பொய்யான வழக்கும் எழாது.

மூன்றாவது, கூரை. பழைய கூடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருக்கலாம். அவற்றைச் சம்மட்டியால் உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் காற்றில் கலக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நோய் பல பத்தாண்டுகள் கழித்தும் தோன்றும். தகடுகளை நீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி, உரிய முறையில் அகற்றவேண்டும். பள்ளம் நிரப்ப அவற்றைப் பயன்படுத்தலாகாது. ஏழை ஒருவருக்குக் கூரையாக இனாம் அளிப்பதும் தகாது.

நான்காவது, இடிபாடு. ஏரியிலும் ஓடையிலும் கொட்டப்படும் செங்கற்குவியல் அடுத்த மழையில் தாழ்ந்த பகுதியில் வாழ்வோரின் வீட்டிற்குள் வெள்ளமாகத் திரும்பும். கட்டட இடிபாடுகளைப் பற்றிய விதிகள் 2016 இல் வெளிவந்தன. அவற்றிற்கு மாற்றான புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவனவாக 2025 இல் வெளியிடப்பட்டன. நமது கூடம் சிறிதாயினும், இரும்பு, மரம், செங்கல், கான்கிரீட் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, உள்ளாட்சி குறிப்பிடும் இடத்திற்கே அனுப்பவேண்டும். இதனை ஒப்பந்தத்தில் எழுதுவது அவசியம்.

4. பணி நடைபெறும் காலம்

ஒலி மாசு பற்றிய 2000 ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என ஒலியின் அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. இரவென்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்நேரத்தில் ஓசையெழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இயக்கலாகாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க அவ்விதிகள் இடந்தருகின்றன. சட்டம் காட்டுவது கடைசி எல்லையை மட்டுமே. காலை 6 மணிக்கே கலவை இயந்திரத்தை முடுக்கச் சட்டம் தடை செய்யாதிருக்கலாம். அன்பு தடை செய்யும்.

தூசியைக் குறைக்கும் வழிகள் எளியவை. இடிக்குமிடத்தில் நீர் தெளித்தல், சாரத்தைச் சுற்றி வலை கட்டுதல், மணலை மூடிவைத்தல், கல்லையும் ஓட்டையும் நீர்விட்டு அறுத்தல் ஆகியன பெருஞ்செலவு தருவனவல்ல. உலர்ந்த கல்லை அறுக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதை முதலில் சுவாசிப்பவர் அறுக்கும் தொழிலாளியே.

தண்ணீரும் கவனத்திற்குரியது. கான்கிரீட் இறுகுவதற்குக் குறைந்தது 7 நாள்களாவது ஈரம் காக்கப்படவேண்டும். இன்று மிகுதியாக வழங்கும் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள்கள் வேண்டும். ஈரச் சாக்கு போர்த்தி ஈரத்தைக் காத்தால் நீர்ச் செலவு குறையும். கோடைக்காலத்தில் தெருக் கிணறுகள் வற்றிக்கிடக்கையில், நமது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இரவும் பகலும் நீரிறைப்பது அயலாரின் குடத்திலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும்.

குறை கேட்பதற்கு ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாயிற்பலகையில் எழுதிவைக்கவேண்டும். குறைகளைப் பதிவேட்டில் எழுதி, ஒரு வாரத்திற்குள் மறுமொழி தருவது வழக்கமாகட்டும். இதற்கெனச் சிறு குழு அமைப்பின், சபையைச் சேராத அயலார் ஒருவரும் பெண் ஒருவரும் அதில் இடம்பெறுதல் நன்று.

இங்கு ஓர் ஆட்சேபணை எழக்கூடும். சிறுபான்மையினராகிய நாம் குறைகேட்கத் தொடங்கினால், நமக்கு விரோதமானோர் அதையே வாய்ப்பாக்கிப் பணியை நிறுத்திவிடுவர் என்பர் சிலர். இவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் உண்மையான குறையுடையோனை நாம் கேளாதிருக்கும்போதே அவன் விரோதியின் பக்கம் தள்ளப்படுகிறான். முன்னரே கலந்துபேசி, அனுமதியையும் வரைபடத்தையும் மறைவின்றிக் காட்டும் சபைக்கு, அண்டை வீட்டாரே சாட்சிகளாக நிற்பர்.

5. கூடம் திறந்தபின்

பாரம் திறப்பு விழாவோடு முடிவதில்லை. பெரிய கூடம் பெரிய கூட்டத்தை அழைக்கிறது. வாகனங்கள் தெருவை அடைக்கின்றன. மின்னாக்கி அடுத்த வீட்டுச் சன்னலருகே முழங்குகிறது. வாகனம் நிறுத்துமிடமும் மின்னாக்கியின் இடமும் ஒலிபெருக்கியின் நேரமும் வரைபட நிலையிலேயே தீர்மானிக்கப்படவேண்டும்.

மிக நுட்பமான இழப்பு வாடகை வழியாக வருகிறது. கடனை அடைப்பதற்காகக் கட்டணம் உயர்த்தப்படுகையில், பழைய கூடத்தில் மணம் முடித்த குடும்பத்தின் பிள்ளைகள் புதிய கூடத்தின் வாயிலைக் கடக்க முடியாமற்போவர். இவ்வகையில் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தருகே உள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயம் சிந்தனைக்குரியது. முதல் உலகப்போர்க் காலம் முதல் வீடற்றோருக்கு அடைக்கலம் தந்துவந்த அவ்வாலயம், 2008 இல் நிறைவுற்ற புதுப்பிப்புப் பணிக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு செலவிட்டது. வீடற்றோர் பணிக்கும் அங்குள்ள சீன மக்களின் சமுதாயப் பணிக்கும் உரிய இடங்கள் அத்திட்டத்தின் உள்ளேயே வகுக்கப்பட்டன. நமது அளவு மிகச் சிறியது. ஆயினும் நெறி ஒன்றே. தையல் வகுப்பிற்கும் மாலைப் பாடத்திற்கும் உரிய நாள்களையும், ஏழைகளுக்குரிய கட்டணத்தையும் கட்டுமுன்பே தீர்மானமாக எழுதிவைப்போமாக.

முடிவுரை

மேற்கூறியவை அனைத்திற்கும் செலவுண்டு. வகுப்புகளுக்குத் தற்காலிக இடவாடகை, வலை, தண்ணீர், விரிசல் பழுதுபார்ப்பு, தொழிலாளருக்குக் கழிப்பிடம் ஆகியவற்றிற்குத் தனித்தலைப்பு ஒன்று மதிப்பீட்டில் இடம்பெறவேண்டும். மதிப்பீட்டில் எழுதப்படாத செலவு இல்லாமற்போவதில்லை. எளியோர் அதை உறக்கத்தாலும் உடல்நலத்தாலும் பிழைப்பாலும் செலுத்திவிடுகின்றனர். சேகரக் குழுவில் மதிப்பீடு வாசிக்கப்படும் நாளில், இத்தொகையன்றி வேறெவரேனும் நமக்காகச் செலுத்தவிருக்கின்றனரா என்று போதகர் கேட்பாராக. அவ்வினாவிற்கு நேர்மையாக விடை எழுதியபின்னர் அடிக்கல் நாட்டப்படட்டும்.