முடியாத வேலையும் முடங்கிய முதலும்

சித்தூர் வட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலை ஒன்று நடைமுறை மூலதனக் கடன் கேட்டு வந்தால் எங்கள் வேலை எளிது. கிடங்குக்குச் சென்று, கூழ் நிரம்பிய டப்பாக்களை எண்ணி, விலை கட்டி, உரிய விளிம்புத் தொகையைக் கழித்து, எஞ்சியதன் பேரில் கடன் வரம்பை நிர்ணயிப்போம். திருப்பதியில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் இளைஞர்கள் வரும்போதுதான் தடுமாறுகிறோம். பாதி எழுதிய நிரலும் ஒருவகைச் சரக்குத்தான். சம்பளமாகக் கொடுத்த பணம் அதற்குள் முடங்கியிருக்கிறது. ஆயினும் அதை எண்ணவும் இயலாது, ஏலம் விடவும் இயலாது.

ஆகவே, வேலையை ஏற்ற நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள்வரை எத்தனை மாதம் ஆகிறது என்றே முதலில் கேட்கிறோம். பலரும் 'நாங்கள் அஜைல் முறை', 'எங்களுடையது லீன்' என்று விடையளிக்கின்றனர். இரண்டையும் ஒன்றென்றே கருதுவோரும் உளர். அவை வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள்.

லீன் தொழிற்சாலையில் பிறந்தது. டொயோட்டாவில் தைஇச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு, 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் இட்ட பெயர் அது. தேவைக்கு மேல் செய்வதும், செய்ததைக் குவித்து வைப்பதும், காத்திருப்பதும் விரயம் என்பது அதன் அடிப்படை. மேரி, டாம் பாப்பென்டீக் இணையர் 2003இல் வெளியிட்ட நூல் அதை மென்பொருளுக்குப் பொருத்திக் காட்டியது. அஜைல் பிறந்ததோ வேறொரு தொல்லையால். தனக்கு என்ன வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கே தொடக்கத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் இதற்கொரு கொள்கை அறிக்கை வகுத்தனர். சிறிது செய்து, காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்துவதே அதன் சாரம். அவ்வழிப்பட்ட ஸ்க்ரம் முறையில் ஒரு சுற்று ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது.

திருமலைக்குச் சென்றவர்களுக்கு லீன் புதிதன்று. வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தின் அறைகளில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நேரம் குறித்த டோக்கனைக் கீழ்த்திருப்பதியிலேயே வழங்கும் ஏற்பாட்டில், சந்நிதி ஏற்கக்கூடிய அளவுக்கே பக்தர்கள் வரிசைக்குள் விடப்படுகின்றனர். மென்பொருள் குழுவினர் பயன்படுத்தும் கன்பான் பலகையின் தத்துவமும் இதுவே: கையிலுள்ளது முடியாமல் புதியதை உள்ளே விடாதே. லட்டுக்கோ, எந்தப் பொருள் எத்தனை அளவு என்னும் பட்டியல் உண்டு. அதற்குத் 'திட்டம்' என்றே பெயர். செய்யவேண்டியது இன்னதென்று ஐயமின்றித் தெரிந்த இடத்தில் அஜைலுக்கு வேலையில்லை.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் முடிபவற்றால் வகுத்தால் சராசரிக் காலம் கிடைக்கும். 12 வேலைகளைத் தொடங்கி வைத்து, மாதம் 4 முடிக்கும் குழுவுக்கு ஒவ்வொன்றும் 3 மாதம் பிடிக்கும். முடிக்கும் வேகம் குறையாமல் கையிருப்பை 6 ஆக்கினால் ஒன்றரை மாதமே.

நாயக் குழுவின் பரிந்துரைப்படி, குறு, சிறு நிறுவனங்களின் நடைமுறை மூலதனத் தேவையை எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடாகக் கொண்டு, 20 விழுக்காட்டை வங்கி தருகிறது. 5 விழுக்காடு உரிமையாளர் பங்கு. போட்ட பணம் 3 மாதத்தில் திரும்பும் என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டு விற்பனை 80 லட்சம் ரூபாய் என்றால் 20 லட்சம் போதும். பணம் திரும்ப 6 மாதமானால் தேவை ஏறத்தாழ 40 லட்சமாகிவிடும். எங்கள் பங்கோ 16 லட்சம். சம்பள நாளன்று தனிநபர் வட்டிக்குப் போவது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

அஜைல் என்று சொல்லிக்கொண்டு இருவாரத்துக்கு ஒருமுறை வேலையைக் காட்டிவிட்டு, ஒப்பந்தத்தில் மட்டும் 'முழுத்தொகையும் இறுதியில்' என்று கையெழுத்திடுவோரைக் காணும்போது எங்களுக்கு வருத்தமே மிகுகிறது. சுற்றுக்கு ஒரு பட்டியல் தொகை பெறும்படி ஒப்பந்தம் இல்லையேல், அந்த முறையால் காசோட்டம் ஒரு நாளும் விரைவதில்லை. லீனுக்கும் தன் இடர் உண்டு. யாருக்கும் வேண்டாத ஒன்றை மிகச் சிக்கனமாகச் செய்து முடித்துவிடலாம். எங்கள் கருத்தில், புதிய செயலி ஒன்றைப் படைப்போர் அஜைலிலும், நிறுவிய மென்பொருளைப் பராமரித்து நாள்தோறும் குறை தீர்ப்போர் கன்பானிலும் தொடங்குவது நலம். இரண்டும் கலந்த குழுக்களும் உண்டு, தவறில்லை.

கடன் விண்ணப்பத்துடன் முறையின் பெயரை எழுதித் தரவேண்டியதில்லை. கடைசியாக முடித்த ஆறு வேலைகளுக்கு, தொடங்கிய நாள், பட்டியல் அனுப்பிய நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளை வைத்தே பேச்சைத் தொடங்குவோம்.