கணக்கில் வராத மணித்தியாலங்கள்
ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவரின் சம்பளம் பற்றி

உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொருவரிடமும் எதிர்கால விருப்பத்தைக் கேட்டார். வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர் என்று பலரும் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "வெளிநாடு போய் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன், டீச்சர்" என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாடு, ஆங்கிலம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் கைநிறையச் சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தானே!

வீட்டில் வாப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மாதம் எவ்வளவு தருவார்கள் என்று பார்த்திருக்கிறாய். வருஷத்தில் எத்தனை மாதம் தருவார்கள் என்று பார்த்தாயா மகள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு அதிகம் கற்றுத்தந்த நாடு ஜப்பான். ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவரை நூறு ஆண்டுகளுக்கு மேலாக அழைத்துவரும் நாடு அது. அங்கே அவர்களுடைய சம்பளம் உச்சத்தில் இருந்த காலமும் உண்டு. பிறகு அது தாழ்ந்துபோன கதையும் உண்டு. அவ்விரண்டையும் எனது சகோதர மாணவிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைச்சரைப் போல மதிக்கப்பட்ட ஆசிரியர்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி ஆட்சிக் காலத்தில், மேற்கு நாடுகளின் அறிவை விரைவாகக் கற்றுக்கொள்ள ஜப்பானிய அரசு விரும்பியது. பொறியியலாளர், வைத்தியர், சட்ட அறிஞர், மொழி ஆசிரியர் எனப் பலரையும் பெருஞ்சம்பளம் கொடுத்து வரவழைத்தது. அவர்களுள் ஒருவர் லாஃப்காடியோ ஹேர்ன். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர் அவர். 1890இல் ஜப்பானுக்கு வந்து மட்சுயே என்ற சிறு நகரின் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரானார். மாதச் சம்பளம் 100 யென். அடுத்த ஆண்டு குமமோட்டோ நகரில் அது 200 யென் ஆயிற்று. 1896இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது 400 யென்.

அதே ஆண்டில் ஹேர்ன் ஜப்பானியப் பிரஜையானார். கொய்சுமி யகுமோ என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்கு முன் அவர் நீண்ட காலம் தயங்கினார். பிரஜையாகிவிட்டால் தமது சம்பளத்தையும் ஜப்பானிய ஆசிரியரின் அளவுக்குக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. 1903இல் ஹேர்ன் அப்பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. அவரது இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், லண்டனில் படித்துத் திரும்பியிருந்த நட்சுமே சோசெகி. பின்னாளில் ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியராகப் போற்றப்பட்டவர். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 800 யென். ஹேர்ன் 1896இல் பெறத் தொடங்கியதோ ஆண்டுக்கு 4,800 யென். ஒரே பாடம், ஒரே விரிவுரை மண்டபம். சம்பளம் மட்டும் ஆறு மடங்கு வேறுபட்டது.

இதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ளலாம். ஹேர்னுக்குக் கிடைத்தது கற்பித்தலுக்கான விலை மட்டும் அன்று. அவரைப் போன்றவர்கள் அரிதாக இருந்தமைக்கான விலையும் அதில் இருந்தது. அரிது என்ற நிலை மாறினால் விலையும் மாறும்.

25 ஆண்டுகள் நகராத சம்பளம்

1987இல் ஜப்பானிய அரசு ஜெட் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 இளைஞர், யுவதிகள் வந்தார்கள். பெரும்பாலானோர் பாடசாலைகளில் உதவி மொழி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். ஒரு பட்டம் இருந்தால் போதும். ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. வகுப்பை நடத்தும் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. வெளிநாட்டவர் அவருக்குத் துணையாக நின்று உச்சரிப்பும் உரையாடலும் பழக்குவார்.

வரி போக ஆண்டுக்கு 36 இலட்சம் யென், அதாவது மாதம் 3 இலட்சம் யென் சம்பளம். அன்று அது நல்ல தொகைதான். ஆனால் 2012 வரை அத்தொகை மாறவே இல்லை. அந்த ஆண்டில் மாற்றம் வந்தபோது, புதிதாகச் சேர்பவரின் முதலாண்டுச் சம்பளம் 33 இலட்சத்து 60 ஆயிரம் யென்னாகக் குறைக்கப்பட்டது. வரியையும் அவரே கட்ட வேண்டியதாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் அத்திட்டத்தில் நீடிக்க முடியாது. அவ்வாறிருந்தும், ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவரிடையே இன்றும் ஓரளவு நல்ல நிலையில் இருப்பவர்கள் ஜெட் ஆசிரியர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

குறைந்த விலைக்குக் கேட்பவருக்கே பாடம்

2002ஆம் ஆண்டில் ஜெட் திட்டத்தில் 6,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். பின்னர் அத்தொகை குறைந்துகொண்டே போனது. காரணம், பல நகரக் கல்விச் சபைகள் செலவைக் குறைப்பதற்காகத் தனியார் கம்பனிகளிடம் ஆசிரியர்களைக் கேட்கத் தொடங்கியமையாகும். பாதை போடுவதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் நம் நாட்டில் கேள்விப்பத்திரம் கோருவார்கள் அல்லவா? அதே முறையில் அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்கும் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. மிகக் குறைந்த விலையைக் குறித்த கம்பனிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. தனது இலாபத்தைக் குறைக்க விரும்பாத கம்பனி எதைக் குறைக்கும்? ஆசிரியரின் சம்பளத்தைத்தான்.

இவ்வாறு கம்பனி மூலம் வருபவருக்கு மாதம் 2 இலட்சம் முதல் 2½ இலட்சம் யென் வரை என்பது வழமையான அளவு. வாப்பாவின் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பல ஒப்பந்தங்களின்படி, கோடை விடுமுறை வரும் ஓகஸ்ட் மாதத்திலும் மற்ற நீண்ட விடுமுறைகளிலும் சம்பளம் குறைக்கப்படும். அறை வாடகையோ விடுமுறைக்கென்று குறைவதில்லை. ஜப்பானில் நிரந்தர ஆசிரியருக்கு ஆண்டுக்கு இரு தடவை போனசும் வருடாந்தச் சம்பள உயர்வும் உண்டு. கம்பனி ஆசிரியருக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஏப்ரலில் தொடங்கும் ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டும் வேலை உண்டா என்பது அடுத்த கேள்விப்பத்திரத்தைப் பொறுத்தது.

2020இல் ஜப்பானிய ஆரம்பப் பாடசாலைகளின் 5ஆம், 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாக்கப்பட்டது. தேவை கூடியது. தேவை கூடினால் கூலியும் கூடும் என்று பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். ஆயினும், ஆசிரியரைக் கேள்விப்பத்திரத்தின் மூலம் பெறும் இடத்தில் கூலி அவ்வாறு எளிதில் கூடிவிடுவதில்லை.

இருபத்தொன்பதரை மணித்தியாலம்

நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 29½ என்ற எண். ஜப்பானில் முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால்வாசி, அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணித்தியாலம் வேலை செய்பவரைச் சுகாதாரக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் சேர்க்க வேண்டும். நம் நாட்டு ஊழியர் சேமலாப நிதியைப் போலவே, அதில் தொழில் கொடுப்பவரும் பங்கு செலுத்த வேண்டும். அச்செலவிலிருந்து தப்புவதற்குப் பல கம்பனிகள் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29½ மணித்தியாலம் என்று எழுதின.

காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, வாரத்தில் ஐந்து நாள் பாடசாலையில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40 மணித்தியாலம். ஒப்பந்தத்தில் இருப்பது 29½. எஞ்சிய 10½ மணித்தியாலம் எங்கே போனது? இரண்டு பாடங்களுக்கு இடையிலுள்ள நேரம், பிள்ளைகளுடன் உட்கார்ந்து உண்ணும் நேரம், பாடம் முடிந்தபின் காத்திருக்கும் நேரம் எல்லாம் "இடைவேளை" ஆகிவிட்டன. மாதக் கணக்கில் பார்த்தால் அது 42 மணித்தியாலம். ஒரு முழு வார வேலைக்கும் மேல்.

அரசு இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2016இலிருந்து படிப்படியாகச் சட்டம் மாற்றப்பட்டது. முதலில் 500க்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்களிலும், 2022இல் 100க்கு மேற்பட்டோரைக் கொண்டவற்றிலும், 2024 ஒக்டோபரிலிருந்து 50க்கு மேற்பட்டோரைக் கொண்டவற்றிலும், வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்பவரையும் அக்காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்றாயிற்று. இதனால் 29½ என்ற எண் பெரும்பாலும் பயனற்றுப் போனது.

சூரா அல்-முதஃப்பிஃபீனைச் சிறு வயதிலிருந்தே ஓதி வருகிறேன். அளவையில் குறைப்போரைக் கண்டித்துத் தொடங்கும் அந்தச் சூராவை நினைக்கும்போது, அரிசிக் கடையின் தராசுதான் என் மனதில் வரும். நேரத்தையும் அவ்வாறு குறைத்து அளக்கலாம் என்பதை இப்போதுதான் உணர்ந்தேன்.

ஒரு கம்பனி மூடப்பட்டபோது

பாடசாலைகளுக்கு வெளியே, ஜப்பானில் ஆங்கில உரையாடல் வகுப்புகள் பெரிய வியாபாரமாகும். அவற்றுள் மிகப் பெரியதாக இருந்தது நோவா. 2007 ஜூனில், மாணவர்களுடனான ஒப்பந்தங்களில் நடந்த முறைகேடுகளுக்காக அரசு அதன் வியாபாரத்தின் ஒரு பகுதியை ஆறு மாதங்களுக்கு நிறுத்தியது. அடுத்து வந்த மாதங்களில் சம்பளங்கள் தாமதமாயின. ஒக்டோபரில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரி, கிளைகளை மூடியது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றார்கள். முற்பணம் கட்டிய மாணவர்களும் பணத்தை இழந்தார்கள். அப்போது தொழிற்சங்கம் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஆசிரியர் பாடம் சொல்லிக் கொடுப்பார்; மாணவர் அவருக்கு உணவு கொடுப்பார்.

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்த நபிகளார் (ஸல்) அவர்களின் போதனையை நாம் அறிவோம். சோற்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அந்த ஆசிரியர்களின் நிலை அப்போதனையின் பெறுமதியை எனக்கு உணர்த்தியது.

அண்மைக் காலத்தில் யென்னின் வீழ்ச்சியும் இவர்களைத் தாக்கியுள்ளது. 2012இல் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 80 யென். அப்போது 2½ இலட்சம் யென் 3,000 டொலருக்கும் அதிகம். 2024இல் டொலர் 150 யென்னைத் தாண்டியபோது, அதே சம்பளம் சுமார் 1,600 டொலராகிவிட்டது. ஜப்பானில் சம்பாதித்து, பல்கலைக்கழகக் கடனைச் சொந்த நாட்டில் கட்டும் இளைஞருக்கு இது பேரிழப்பாகும்.

நட்டம் யாருக்கு?

குறைந்த சம்பளம் ஆசிரியரின் பிரச்சினை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினால், பிள்ளையின் பெயரும் பலவீனமும் தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்கமாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு. சிலவகை ஒப்பந்தங்களின் கீழ், கம்பனியின் ஊழியருக்குப் பாடசாலை ஆசிரியர் நேரடியாகப் பணிப்புரை வழங்குவது சட்டப்படி தவறாகும். "அடுத்த பாடத்தை இப்படிச் செய்வோமா?" என்று ஒரே வகுப்பில் நிற்கும் இருவர் கலந்து பேசுவதற்கே அது தடையாகிறது. செலவைக் குறைத்ததில் மிஞ்சிய யென்னைக் கல்விச் சபை எண்ணிவிடலாம். பிள்ளைகள் இழந்ததை எண்ணுவது அவ்வளவு எளிதல்ல.

நம்மைப் போன்ற நாட்டவருக்கு வாசலே வேறு. தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் கற்பிப்பதற்கான விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே வழங்கப்படுகிறது. தாய்லாந்தில், பயிற்சியும் அனுபவமும் உள்ள பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் மேற்கு நாட்டவரை விடக் குறைந்த சம்பளத்துக்குக் கற்பிப்பது சாதாரணம். அங்கே கடவுச்சீட்டைப் பார்த்தே ஆங்கிலத்துக்கு விலை வைக்கிறார்கள்.

இவற்றை எழுதுவது எவருடைய கனவையும் கலைப்பதற்கு அல்ல. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் என் விருப்பம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முதலில் இங்கே ஆசிரியர் பயிற்சியை முறையாக முடிக்க வேண்டும் என்று தீர்மானித்துள்ளேன். பட்டம் மட்டும் உள்ளவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பதிலாக இன்னொருவரைப் பிடிப்பது எளிது. கற்பிக்கத் தெரிந்தவருக்குப் பதிலாக ஒருவரைத் தேடுவது அவ்வளவு எளிதாக இருக்காது.

சகோதரிகளே, எந்த நாட்டில், எந்த வேலைக்கு ஒப்பந்தம் வந்தாலும் கையொப்பமிடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். சம்பளம் ஆண்டில் எத்தனை மாதம் முழுமையாகக் கிடைக்கும்? வேலைத்தலத்தில் இருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் வருமா? காப்புறுதியில் தொழில் கொடுப்பவரின் பங்கு உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் விசாவின் நிலை என்ன? உங்களுக்கு உண்மையில் தொழில் தருபவர் பாடசாலையா, கம்பனியா?

இக்கட்டுரையை எழுதி முடித்து வாப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிறகு தாளை என்னிடம் தந்து, "இந்தக் கேள்விகளை உன் ராத்தாவுக்கும் அனுப்பு. வாற மாசம் அவளும் ஒரு கம்பனியில் கையெழுத்து வைக்கப் போகிறாள்" என்றார்.

ராத்தா போகப் போவது வேறெந்த நாட்டுக்கும் அல்ல, கொழும்புக்குத்தான்.