அம்மாவுக்கு எத்தனை வீடு?

"எந்த ஊர்ல படுத்திருக்கேன்னு கண்ணை முழிச்சுப் பார்த்தாத்தான் தம்பி தெரியுது!"

மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்த 76 வயது அம்மா ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மூத்த மகன் கடலூர் மஞ்சக்குப்பத்தில், இளையவர் சிதம்பரத்தில். நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான். அப்பா காலமான பிறகு 'மாசம் ஒரு வீடு' என்று பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி வந்தால் போதும், நாலு புடவை, கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மா பஸ் ஏறிவிடுவார். நாலு வருஷமாக இப்படித்தான். மருமகள்கள் இருவருமே நல்லவர்கள். சோற்றுக்கோ துணிக்கோ குறை வைத்ததில்லை.

அன்றைக்கு முழங்கால் வலியோடு கணுக்காலில் வீக்கமும் இருந்தது. வயசான உடம்பு, வாத வீக்கம் என்று நினைத்துத் தைலம் கொடுத்து அனுப்பினேன். அங்கேதான் நான் தவறினேன்.

இரண்டு வாரம் கழித்து, கடலூர் வீட்டில் ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். சிதம்பரம் வீட்டில் கட்டிலுக்கு இடப்பக்கம் பாத்ரூம், கடலூரில் வலப்பக்கம். தூக்கக் கலக்கத்தில் இடப்பக்கம் திரும்பியவர், தலை சுற்றி, அலமாரியில் மோதி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பு எலும்பு தப்பியது தெய்வாதீனம். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை.

கட்டுப் போட்ட கையோடு மறுபடி வந்தபோதுதான் அந்த மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தேன். பிரஷருக்கு கடலூரில் ஒரு டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று. சிதம்பரத்தில் வேறொருவர் எழுதியது இன்னொன்று. பெயர் வேறு, அட்டை வேறு. பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டுமே அம்லோடிபின்! 'காலை மாத்திரை' என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த மருந்து அளவு கூடினால் கணுக்கால் வீங்கும், தலை சுற்றும். டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தியதும் வீக்கம் வடிந்துவிட்டது. நான் தைலம் தடவச் சொன்ன நோய்க்குக் காரணம் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சுற்ற வேண்டியது யார்?

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்வது நல்ல வழக்கம்தான். எல்லாவற்றையும் ஒரே மருமகளின் தலையில் கட்டினால் அவர் உடம்பும் கெடும், வீட்டில் பேச்சும் கெடும். ஆனால் சுற்றி வர வேண்டியது பிள்ளைகள், பெற்றவர்கள் அல்ல.

வயதானவர்களை இருட்டில் நடத்துவது கண் அல்ல, பழக்கம். சுவர் எங்கே, படி எங்கே, சுவிட்ச் எங்கே என்பது கைகாலுக்கே மனப்பாடம். வீடு மாறினால் அந்த மனப்பாடமே பகையாகிவிடும். மறதி நோய் உள்ளவர்களுக்கோ இடமாற்றம் குழப்பத்தை இன்னும் அதிகமாக்கும்.

"அம்மாவுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்னு கேட்டீங்களா?" என்றேன். பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிதம்பரம் வீடு பெரிது, காற்றோட்டமானது. அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். "கடலூர்லயே இருந்துடறேன்ப்பா. சாயங்காலம் வாசப்படியில உட்கார்ந்தா எதுத்த வீட்டு அம்மா வந்து பேசும்" என்றார்.

இப்போது இளையவர் குடும்பம் சனி, ஞாயிறு கடலூருக்கு வந்துவிடுகிறது. அந்த இரண்டு நாளும் மூத்த மருமகளுக்கு ஓய்வு. மருந்துச் செலவு இளையவருடையது.

இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

* மாதத்துக்கு ஒரு முறை வேண்டாம். ஆறு மாதமாவது ஒரே வீட்டில் இருக்கட்டும்.

* ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லா மருந்தையும் எழுதுங்கள். சூரணம், லேகியம், தைலமும் அதில் வரவேண்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் நோட்டை முதலில் நீட்டுங்கள்.

* இரண்டு வீட்டிலும் கட்டிலின் ஒரே பக்கம் பாத்ரூம் வரும்படி பார்த்துப் போடுங்கள். வழியில் இரவு விளக்கு எரியட்டும். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அவசியம்.

* சாப்பாட்டு நேரம் மாறக் கூடாது. இரவில் ஏழரைக்குள் இட்லியோ கஞ்சியோ, இளஞ்சூடாக.

* கால் வீங்கினால் தைலத்தை எடுக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரே இடத்தில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாதா மாதம் ஊர் மாறுகிறவரை அந்தப் பெண் ஊழியர் எங்கே போய்த் தேடுவார்?

இரண்டு பிள்ளைகளும் கைவிட்டால்? பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம் இரண்டுமே கோட்டத் தலைநகரங்கள்தான். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. யாருமற்ற முதியவரும் அங்கே பசியாறலாம். வயிற்றுப் பசிக்கு அந்த வாசல் இருக்கிறது. 'உனக்கு எங்கேம்மா இருக்கணும்?' என்று கேட்பதற்குப் பிள்ளைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்? இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.