இறைநம்பிக்கையற்றவரின் இறுதி விருப்பம்

இறைநம்பிக்கை இல்லாதவர் மரணத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்ற கேள்வி நமது சமூகத்தில் பெரும்பாலும் ஏளனத்துடனேயே கேட்கப்படுகின்றது. இளமையில் நாத்திகம் பேசியவரும் கடைசிக் காலத்தில் கடவுளைக் கூப்பிட்டே தீருவார் என்பது நெடுங்காலமாக நிலவி வரும் எண்ணம். சிலர் விடயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சபரகமுவ மாகாணத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் நாம் அறிந்த சிலரின் மரணங்கள் வேறு விதமானவை. அவர்களுக்கு இருந்த கவலை மறுமையைப் பற்றியதல்ல. தமது சடலத்தைச் சுற்றி நின்று உயிரோடிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதே அவர்களது கவலையாக இருந்தது.

இம்மலைச்சாரலில் இத்தகைய மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என வியப்போரும் உளர். இரண்டு வழிகளால் வந்தார்கள். ஒன்று இடதுசாரி இயக்கம். 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது நிவாரணப் பணியில் இறங்கிய இளைஞர்களுள் ஒருவரான டாக்டர் என்.எம். பெரேரா, 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மக்கள் மடிந்தது விதியினால் அல்ல, மருந்தும் உணவும் உரிய வேளையில் கிடைக்காமையினால் என்ற பாடத்தை அந்நோய் பலருக்குப் புகட்டியது. மற்றையது சுயமரியாதை இயக்கம். பெரியார் 1932 இல் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் உரையாற்றினார். பின்னர் ஏ. இளஞ்செழியன் தலைமையில் வளர்ந்த இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டப்புற இளைஞர்களை ஈர்த்தது. 1962 இல் அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. அமைப்பு மறைந்தாலும் அதில் படித்ததை மறவாத முதியவர்கள் அண்மைக்காலம் வரை லயங்களில் இருந்தனர்.

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தகைய முதியவர் ஒருவரை நாம் அறிந்திருந்தோம். பால்வெட்டித் தேய்ந்த கைகள், தொழிற்சங்கத்தில் கிடைத்த அனுபவம், ஓயாத வாசிப்பு. மணிமேகலையில் வரும் பூதவாதியைப் பற்றி அவரிடம் ஒருமுறை பேச்செடுத்தோம். ஆத்திப்பூவும் வெல்லமும் சேர்ந்து மயக்கம் பிறப்பது போலப் பூதங்களின் சேர்க்கையால் உணர்வு பிறக்கின்றது, சேர்க்கை பிரிந்தால் அதுவும் அடங்கும் என்பது அப்பூதவாதியின் வாதம். முதியவர் சிரித்துக்கொண்டார். "தம்பி, செத்த பொறகு எனக்கு என்னா தெரியப்போகுது? அவ தாலியில மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது" என்றார்.

அதுதான் அவரது மரண சாசனம். கருமாதி நாளில் பலர் முன்னிலையில் மனைவியின் தாலியை அறுத்து, பூவையும் பொட்டையும் அகற்றும் சடங்கினை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து வந்தார். இன்ன சாதியார்தான் குழி வெட்ட வேண்டும், இன்னார்தான் தப்படிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் எதிர்த்தார். வெளியிலிருந்து பார்ப்போர் நாத்திகத்தை ஒரு தத்துவ விவகாரமாக எண்ணுவர். தோட்டத்தில் அது பெரிதும் சாதியையும் விதவையின் நிலையையும் பற்றிய விவகாரமாகவே இருந்து வந்துள்ளது.

இவ்விருப்பம் எளிதில் நிறைவேறக் கூடியதல்ல. லயத்தில் மரணம் ஒரு காம்பராவின் துயரமாக நின்றுவிடுவதில்லை. மரண உதவிச் சங்கத்தின் பணம், அயலவர் கட்டும் பந்தல், உறவினர் கொண்டுவரும் அரிசி, பெட்டியைச் சுமக்கும் தோள்கள் என யாவும் ஊருடையவை. சடங்கு வேண்டாம் என்பவர் அந்த ஊரை வேண்டாம் என்பதாகவே பொருள் கொள்ளப்படுகின்றது. பெற்றவருக்குக் கொள்ளி வைக்காத மகன் என்ற பழிச்சொல் பிள்ளைகளைத் தொடரும். வசதி படைத்த நகரத்துப் பகுத்தறிவாளருக்கு இந்த நெருக்கடி இவ்வளவுக்கு இல்லை.

நகரத்திலே வாழ்ந்த கலாநிதி ஆபிரகாம் கோவூரை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். கேரளத்தின் திருவல்லாவில் 1898 இல் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராகப் பணிபுரிந்து, பேய், பிசாசு, சோதிடம் ஆகியவற்றை ஆராய்ந்து அம்பலப்படுத்தியவர் அவர். 1978 செப்டெம்பர் 18 இல் காலமானபோது கண்கள் கண் வங்கிக்கும் உடல் மருத்துவக் கல்லூரிக்கும் சென்றன. எலும்புக்கூடு தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்திற்கு வழங்கப்பட வேண்டும் எனவும் பணித்திருந்தார். மரணத்தின் பின்னரும் வகுப்பறையை விட்டு நீங்க விரும்பாத ஓர் ஆசிரியர்!

எனினும் கண்தானம் நாத்திகரின் தனிச்சொத்தல்ல. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் ஆரம்பித்த கண்தான சங்கத்திற்குக் கண்களை வழங்கியோரில் மிகப் பெரும்பாலானோர் தானத்தைப் புண்ணியமாகக் கருதும் பௌத்தர்கள். பாகிஸ்தானில் எத்தனையோ முஸ்லிம்கள் அக்கண்களால் பார்வை பெற்றுள்ளனர். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம், ஒருவர் தமது உடலைத் தானமாக எழுதிவைக்க இடமளிக்கின்றது. இரத்தினபுரியில் இப்போது சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் உண்டு. ஆனால் கண்களை எடுப்பதாயின் மரணம் நிகழ்ந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுத்தாக வேண்டும். வாகனம் ஏறுவதற்கே ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டிய மேற்பிரிவு லயங்களில் அது எவ்வாறு நடக்கும்?

முஸ்லிம் வாசகர்கள் இறைமறுப்பை ஏற்கப்போவதில்லை; ஏற்க வேண்டும் என நாமும் கோரவில்லை. ஆயினும் இறந்தவரின் விருப்பத்தை மீறி உடலைக் கையாள்வதன் வேதனையை அவர்கள் அளவுக்கு இந்நாட்டில் அறிந்தவர் எவருமில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்த போதிலும், 2020 மார்ச் இறுதியிலிருந்து கொவிட் தொற்றினால் மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அக்கட்டாயம் நீங்கியது. ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய மார்ச்சில் வழி பிறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களுக்கு அதனால் ஆவது ஏதுமில்லை.

அரசாங்கம் அவ்வாறு செய்தபோது அதனை அநீதி என்றோம். அதையே குடும்பமும் ஊரும் செய்யும்போது பாசம் என்கின்றோம். இது பொருந்துமா? தெஹியோவிட்ட முதியவரின் மூத்த மகன் எம்மிடம் கூறிய பதில் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. "அப்பாவுக்கு வேணாம், சரி. அம்மாவுக்கு வேணுமே" என்றார். துக்கம் உயிரோடிருப்பவர்களுடையது என்பதால் பதினாறாம் நாள் விளக்கேற்றுவதும் சோறு படைப்பதும் அவர்களது உரிமை என்றே நாமும் கருதுகின்றோம். உடலையும் மனைவியின் கழுத்தையும் பற்றிய சொல்லை மீற மட்டும் எவருக்கும் உரிமையில்லை.

அன்று மயானத்தில் தொழிற்சங்கத் தோழர்கள் முறை வைத்துக் குழி வெட்டினர், தப்பு ஒலிக்கவில்லை. கருமாதியை மகன்மார் நடத்தினர். தாலியை அகற்ற வந்த உறவுக்காரப் பெண்களிடம், "அவரு வேணாமுன்னு சொல்லிட்டாரு" என்று அம்மூதாட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்.